சிவப்புப் பொட்டு வைத்த சுவிட்ச்

அந்தப் பகுதியில் யாருக்கு போன் போகாவிட்டாலும் அடி வாங்குகிறவன் ஒருவன்தான். கம்பெனி அடையாள அட்டையில் அவனுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. தெருவில் அவன் பெயர் சிக்னல். அவன் தலை தெரிந்தால் "சிக்னல் வந்துடுச்சு", முதுகு தெரிந்தால் "சிக்னல் போயிடுச்சு" என்று கேலி செய்வார்கள். கேலியோடு நின்றிருந்தால் அவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

செல்போன் டவரைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவான், பேட்டரியைப் பார்ப்பான், வாரம் ஒருமுறை இடுப்பில் பெல்ட் கட்டி முப்பத்தைந்து மீட்டர் மேலே ஏறி ஆன்டெனாவின் போல்ட்டுகளை முறுக்குவான். டவர் யாருடையது, அதில் எத்தனை பேர் பேசலாம், எத்தனை பேர் படம் பார்க்கலாம் என்பதை முடிவு செய்கிறவர்கள் வேறு எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். அவர்கள் கன்னம் யார் கைக்கும் எட்டாது. இவன் கன்னம் தெருமுனையிலேயே இருந்தது.

முதல் அடி, வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம். மூன்றாவது மாடியில் தனியாக இருந்த அம்மாள் ஒருத்திக்கு வெளிநாட்டு மகனோடு பேசும்போதெல்லாம் லைன் அறுந்துபோனது. ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் அவன் தெருவில் போகும்போது இறங்கி வந்து துடைப்பத்தால் முதுகில் வெளுத்து வாங்கினாள். அடித்த வேகத்தில் துடைப்பம் கைநழுவி விழுந்தது. இவன் அதை எடுத்து, "இந்தாங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தவன் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் தடியன். அவன் அறைந்ததில் இரண்டு நாள் இடது காதில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது அடிதான் பல்லைக் கொண்டுபோனது. அடித்தவன் சொந்தத் தங்கையின் கணவன்.

தங்கை கணவன் கறிக்கடைக்காரன். மலை மாதிரி ஆள், மூக்குக்கு மேல் கோபம். ஒரு மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் ஆட்டு வியாபாரியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். போன் போகவில்லை.

"என்ன மச்சான், நாலு கோடும் நிறைய நிக்குது. போன் மட்டும் போகமாட்டேங்குது. நீ அங்க என்னதான் புடுங்குற?"

"கோடு நின்னா டவர் பேசுறது உனக்குக் கேக்குதுன்னு அர்த்தம் மாப்ள. நீ பேசுறத கேக்க அதுக்கு நேரம் இருக்குன்னு அர்த்தம் இல்ல."

"நேரம் இல்லாம அதுக்கு என்ன வேலை?"

"எண்ணூறு பேருக்குன்னு நட்ட டவரு. இப்ப நாலாயிரம் போன் தொங்குது. பேசுறதுக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும், வீடியோ அனுப்ப ஒரு தொட்டி வேணும். குழாய் அதே குழாய்தான். உன் தராசுல யானைய ஏத்திட்டு முள்ளு ஏன் நிக்கலைன்னு கேட்டா எப்படி?"

தராசைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. கறிக்கடைக்காரனிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், தராசைப் பற்றிப் பேசக் கூடாது. குத்து விழுந்தது. பல் தட்டில் விழுந்தது. தங்கை கரண்டியை எடுத்துக்கொண்டு புருஷன்மேல் பாய்ந்தாள்.

மறுநாள் காலையில் அந்த மலை வாசலில் வந்து அழுதது. கையில் அரை கிலோ ஈரல். பல் டாக்டரிடம் அவனே கூட்டிப்போனான். ஊசி போடும்போது இவன் கையைப் பிடித்துக்கொண்டு, இவனைவிட அதிகமாக முகத்தைச் சுளித்தான். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். பொய்ப்பல்லைக் காட்டிச் சிரித்தால் போதும், கறிக்கடைக்காரன் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவான்.

டவரின் அடியில் ஒரு சின்ன அறை. உள்ளே இரண்டு இரும்புப் பெட்டிகள், இரண்டு சுவிட்ச். ஒரு பெட்டி பேச்சுக்கு, இன்னொன்று நெட்டுக்கு. ஆனால் இரண்டும் வெளியுலகுக்குப் போகிற வழி ஒன்றேதான். மாலை ஆனால் நெட் அந்த வழியை அடைத்துக்கொண்டு படுத்துவிடும், பேச்சுக்கு நுழைய இடம் இருக்காது. இன்னொரு டவர் வேண்டும் என்று இவன் பதினோரு முறை எழுதிப்போட்டான். "மேல பேசிட்டிருக்கோம்" என்பார் மேற்பார்வையாளர். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாமல் அவள் மாமியார் தெருவில் நின்று கத்தினாள். இவன் ஓடிப்போய் நெட் சுவிட்ச்சைக் கீழே தள்ளினான். ஒரே நிமிடத்தில் மாமியாருக்கு லைன் கிடைத்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி மேலே தூக்கிவிட்டான். நாலாயிரம் பேரும் "நெட் போய் வந்துச்சு" என்று திட்டிவிட்டு மறந்துபோனார்கள். பிள்ளை பிறந்தது. அன்றிரவு தங்கையிடமும் அவள் புருஷனிடமும் மட்டும் சொன்னான். அவள் தன் நகப்பூச்சுப் புட்டியைக் கொடுத்தாள். "அவசரத்துல தப்பான சுவிட்ச்ல கை வச்சிடாதண்ணா. இதுல ஒரு பொட்டு வச்சுக்க." இடது பக்கச் சுவிட்ச்சில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தான். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் நாலு வருடத்தில் முப்பது தடவையாவது அந்தப் பொட்டில் அவன் விரல் பட்டிருக்கும். மார்வலி வந்த வாட்ச்மேன், அடுப்பு வெடித்த வீடு, கிணற்றில் விழுந்த குழந்தை என்று அவன் மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தான். அடி வாங்கிய இரவுகளில் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால் என்ன தப்பு?

சம்பவத்துக்குப் பத்து நாள் முன்பு இரண்டு இன்ஜினியர்கள் வந்து பழைய பெட்டிகள் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள்.

"இனிமே பேச்சும் நெட்டும் இதுக்குள்ளயே ஒண்ணா ஓடும்" என்றான் ஒருவன்.

"அப்ப இந்த ரெண்டு சுவிட்ச்?"

"இடது பக்கம் பெட்டிக்கு. வலது பக்கம் சும்மா. அநாவசியமா கை வைக்காதீங்க. அணைச்சா மறுபடி எழுந்திரிக்க ஒன்பது நிமிஷம் ஆகும்."

தலையாட்டினான். காகிதத்தில் கையெழுத்தும் போட்டான். காது கேட்டுக்கொண்டது. நாலு வருடம் பழகிய கைக்கு யாரும் சொல்லவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

முந்தின நாள் கறிக்கடை வாசலில் இரண்டு பேர் போனை நிறுத்திவைத்து வீடியோவுக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் உள்ளே வர வழியில்லை. கறிக்கடைக்காரன் நகரச் சொன்னான், அவர்கள் அவனையும் சேர்த்துப் படம் பிடித்தார்கள். அவன் பிடித்துத் தள்ளியதில் போன் எகிறிப் போய் ரத்தத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

"முங்கி எழுந்திரிக்கவே இல்ல மச்சான்" என்று ஞாயிறு காலையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"சிரிக்காத மாப்ள. கையில காலுல அடிச்சா மறந்துடுவானுங்க. போன்ல அடிச்சா மறக்கமாட்டானுங்க. ஒரு ரெண்டு நாள் கடைய மூடேன்."

"இவனுங்களுக்குப் பயந்தா? போ மச்சான், போய் கம்பத்துல ஏறு."

மாலை ஐந்து மணிக்கு அவன் டவரின் உச்சியில் இருந்தான். அங்கிருந்து பார்த்தால் கறிக்கடைத் தெரு முழுக்கக் கைரேகை மாதிரி தெரியும். மூன்று பைக்குகள் வந்து நின்றதைப் பார்த்தான். ஆறு பேர். கையில் நீளமாக ஏதோ பளபளத்தது. இரும்புக் குழாய்கள்.

முதல் அடி கடைக் கண்ணாடிக்கு. சத்தம் இவ்வளவு உயரத்துக்குத் தாமதமாக வந்தது. கறிக்கடைக்காரனை இழுத்து வெளியே போட்டார்கள். அவன் எழுந்து ஒருவனைத் தூக்கிக் கதவில் அடித்தான். இன்னொருவன் முழங்காலில் குழாயை இறக்கினான். மலை சரிந்தது. சரிந்தவன்மேல் ஆறு பேரும் விழுந்தார்கள். மாவு இடிக்கிற மாதிரி குழாய்கள் ஏறி இறங்கின. ஒருவன் கடைக்குள் போய், கறிக்கடைக்காரனே தினமும் காலையில் தீட்டிவைக்கிற கத்தியை எடுத்து வந்தான். அது தொடையில் இறங்கியதை மேலே இருந்தவன் கண்ணால் பார்த்தான். கத்தினான். யாருக்குக் கேட்கும்?

பைக்குகள் பறந்துவிட்டன. அதன் பிறகுதான் தெரு நிறைந்தது. கடைகளிலிருந்தும் மாடிகளிலிருந்தும் சனம் வந்து வட்டம் கட்டியது. ஒவ்வொரு கையிலும் போன் உயர்ந்தது. இருநூறு போன், முந்நூறு போன். ஒருத்தனாவது குனிந்தானா? நேரலை! நடக்கிறதை அப்படியே உலகத்துக்குக் காட்டுகிறார்களாம். அந்த வட்டத்துக்கு நடுவே தங்கை உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் புருஷன் தொடையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

இவனும் போனை எடுத்தான். ஆம்புலன்ஸ். "தற்போது அனைத்து இணைப்புகளும்" என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது. மறுபடி. மறுபடியும் அதே குரல். உட்கார்ந்திருப்பது டவரின் உச்சியில், ஆன்டெனா கைக்கெட்டும் தூரத்தில், போனில் நாலு கோடும் நிறைய. அவனுக்கே போன் போகவில்லை.

இறங்கினான் என்று சொல்வதைவிட விழுந்தான் என்று சொல்லலாம். பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பியில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சறுக்கினான். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அறைக்குள் பாய்ந்தான். ரத்தக் கையால் சிவப்புப் பொட்டைத் தேடி, தள்ளினான்.

பெட்டியின் மின்விசிறிகள் நின்றன. எல்லாம் நின்றன.

வழக்கமாகப் பாதிச் சத்தம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைக் கேட்பதற்காக ஒரு நொடி நின்றான். கேட்கவில்லை. அப்போதுதான் அந்த இன்ஜினியரின் குரல் மண்டைக்குள் கேட்டது. சுவிட்ச்சை மேலே தூக்கினான். பெட்டியில் ஒரு சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டியது. ஒன்பது நிமிடம். பெட்டியை உதைத்தான், தலையால் முட்டினான். சுவரில் கடிகாரம் ஐந்து இருபத்திரண்டு காட்டியது. அப்புறம் ஓடினான்.

கறிக்கடைத் தெருமுனையிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார்கள். முக்கியமான கட்டத்தில் எல்லோருடைய நேரலையும் அறுந்திருந்தது. உள்ளங்கையில் ரத்தத்தோடு டவர் பக்கமிருந்து ஓடிவருகிறவனைப் பார்த்ததும் அவர்களுக்கு விளங்கிவிட்டது.

"சிக்னல்தான்டா அணைச்சிட்டான்! கொலைகாரப் பசங்க தப்பிக்க இவன் உடந்தைடா!"

"விடுங்கடா, என் தங்கச்சி அங்க—"

உடற்பயிற்சிக் கூடத் தடியன்தான் ஆரம்பித்தான். அடுத்து தையற்காரன், பழக்கடைக்காரன், நேற்றுவரை "அண்ணே" என்று கூப்பிட்டவர்கள். கீழே விழுந்தான். வயிற்றில் மிதி விழுந்தது. யாரோ உடைந்த கடைக் கதவின் சட்டத்தால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஓங்கி அடித்தார்கள். கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. அது தன்னுடைய கை என்று உறைக்க ஒரு கணம் ஆனது. வாயில் மண், ரத்தம், பொய்ப்பல். இருபது அடி தூரத்தில் தங்கை இருந்தாள். கால்களின் இடுக்கு வழியாக அவள் சேலையின் ஓரம் தெரிந்தது. அதை நோக்கி ஊர்ந்தான். காலைப் பிடித்துப் பின்னால் இழுத்து மறுபடி அடித்தார்கள். கத்தக்கூட மூச்சில்லை.

எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியும். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஐந்து முப்பத்தொன்றுக்குத் தெரு முழுக்க ஒரே நேரத்தில் போன்கள் கிணுகிணுத்தன. பெட்டி எழுந்துவிட்டது. அடித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்று பைக்குள் போயின. தடியன் ஓங்கிய காலைக் கீழே வைத்துவிட்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று போனை எடுத்தான். அவனை விட்டுவிட்டார்கள். மன்னித்து அல்ல. கை ஒழியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்தான். தங்கை நிமிர்ந்தாள். அவளுக்கு ஒரே ஒரு பார்வை போதுமாக இருந்தது. தரையில் கிடந்த வெட்டுக் கத்தியை எடுத்தாள். "தள்ளுங்கடா! எவனாவது போனைத் தூக்கினா கையோட இறக்கிடுவேன்!" என்று கத்தியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். ஒரு போன் இரண்டாகப் பிளந்து விழுந்தது. வட்டம் சிதறியது. பழக்கடையின் தள்ளுவண்டியைச் சாய்த்து, பழங்களைத் தெருவில் உருட்டிவிட்டு, மூன்று கைகளால் அந்த மலையைத் தூக்கி அதில் போட்டார்கள். பெரிய சாலைவரை தள்ளி, ஒரு லாரிக்கு முன்னால் தங்கை குறுக்கே விழுந்து நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொடையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா" என்றார். துணியை இழுத்து அந்த முகத்தை மூடினார்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் முழங்கைவரை ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அழவில்லை. போனை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எட்டாவது தடவை லைன் கிடைச்சதுண்ணா. இங்க பாரு. அஞ்சு இருபத்திரண்டு. எடுத்துட்டாங்க. என்ன ஆச்சுன்னு சொல்லிட்டேன். எந்தத் தெருன்னு கேட்டாங்க. சொல்ல வாயைத் திறந்தேன், கட் ஆயிடுச்சு."

அவனுக்கு முறிந்த கை வலிக்கவில்லை. உடம்பில் எதுவுமே வலிக்கவில்லை.

"உனக்கு போன் பண்ணலாமான்னு முதல்ல நினைச்சேன். நீ மேல ஏறியிருப்ப, பதறி விழுந்துடுவியோன்னு பண்ணல" என்றாள். "நீ என்னண்ணா பண்ணுவ? ஊரே லைவ் போட்டா டவர் தாங்குமா? நீதான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கியே."

சொல்லாமல் இருந்துவிடலாம். இவன்தான் அணைத்தான் என்று தெரு கத்தினாலும் அவள் நம்பமாட்டாள். நாலாயிரம் போன்மேல் பழியைப் போட்டால் யார் இல்லை என்பார்கள்? அதில் பாதிக்கு மேல் உண்மையும்கூட. அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டிவிடலாம். அவளுக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். இவனுக்கும் அவள் ஒருத்திதான்.

"லைன் தானா கட் ஆகலம்மா" என்றான். "நான்தான் அணைச்சேன். பொட்டு வச்ச சுவிட்ச். நெட்டு மட்டும் போகும்னு... பெட்டிய மாத்திட்டாங்க, சொல்லிட்டுத்தான் போனாங்க, நான்தான் மறந்துட்டேன். அஞ்சு இருபத்திரண்டு."

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். பிறகு அடித்தாள். போன் பிடித்த கையாலேயே அடித்தாள். முகத்தில், தோளில், தொங்கிக்கொண்டிருந்த முறிந்த கையில். போனின் கண்ணாடி நொறுங்கி அவன் நெற்றியில் இறங்கியது. அவன் நல்ல கையைத் தூக்கவில்லை. நர்ஸ்கள் ஓடிவந்து பிரித்தபோது அவள் மூச்சிரைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நிமிஷம்?" என்று கேட்டாள்.

"ஒன்பது."

"ஒன்பது நிமிஷமும் அவருக்கு நினைவு இருந்துச்சுண்ணா. 'பயப்படாத, மச்சான் பாத்துட்டுத்தான் இருப்பான், இப்ப அந்தச் சுவிட்ச்சை அணைப்பான் பாரு, லைன் கிடைச்சிடும்'னு சொல்லிட்டே இருந்தாரு."